வெறும் வயிற்றில் வானம்பாடி

எண்டெல் க்ரூஸ்மா தன் உடல்நலச் சான்றிதழுக்கான பரிசோதனையை எப்போதும் பிப்ரவரி மாதத்தில்தான் வைத்துக்கொள்வார். பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சான்றிதழ் வேண்டும். அதற்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். அவர் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததற்கு வேலையோ விடுமுறையோ காரணம் இல்லை. தெற்கே போன பறவைகள் பிப்ரவரியில் எஸ்தோனியாவுக்குத் திரும்பியிருக்காது என்பதுதான் காரணம்.

எங்கள் ஹல்லிக்கா ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். தெற்கே போயிருந்த பறவை திரும்பி வந்து பாடுவதை, அந்த ஆண்டில் முதல் தடவையாக வெறும் வயிற்றோடு கேட்டுவிட்டால், பறவை உங்களை ஏமாற்றிவிட்டது என்று பொருள். ஏமாந்தவருக்கு அந்த ஆண்டு உருப்படாது. ஆகவே வசந்த காலத்தில் வாசலைத் தாண்டும் முன் ஒரு வாய் ரொட்டியாவது உள்ளே போயிருக்க வேண்டும். அதைப் பறவைக் கவளம் என்போம். எங்கள் ஊரில் இதை நம்புகிறவர் ஒருவரும் இல்லை. ஏப்ரலில் பசியோடு வெளியே போகிறவரும் ஒருவர் இல்லை.

எண்டெல் மட்டும் நம்புவதாக வாய்விட்டே சொல்வார். அவரிடம் சான்று இருந்தது. 1986 மே 4 அன்று கழிவறைக்குப் போகும் வழியில், ஒன்றும் சாப்பிடாமல், குயிலைக் கேட்டுவிட்டார். ஜூன் 12 அன்று வைக்கோல் பரணிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆகஸ்ட் 3 அன்று அவருடைய படகு, கரையில் கட்டியிருந்த இடத்திலேயே, மூழ்கியது. செப்டம்பரில் ஒரு வாரம் தங்கிப் போக வந்த மனைவியின் தங்கை, கிறிஸ்துமஸ் கழிந்துதான் போனாள். இந்த மூன்றும் நடந்தது உண்மை. வெயில், மழை, பறவை வரவு என்று ஊரில் நடப்பதையெல்லாம் நான் எழுதிவைக்கும் குறிப்பேட்டில் தேதிகள் இருக்கின்றன. குயில்தான் செய்தது என்பது அதில் இல்லை.

ஆள் என்னவோ ஆறடி இரண்டங்குலம். எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. இருபத்தொரு வயதில் ஓட்ட ஆரம்பித்தவர், நாற்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரு வேலியைக்கூட இடித்ததில்லை. முதலில் கூட்டுப்பண்ணையின் பால் வண்டி, பிறகு பள்ளிப் பேருந்து. பனிப்புயலில் வழி தெரியாமல் போனபோது, பதினான்கு பிள்ளைகளோடு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டியே வீடு சேர்த்தவர். அப்படிப்பட்டவருக்கு உலகில் ஒரே பயம், நாற்பது கிராம் எடையுள்ள ஒரு பிராணி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறுபது ஆண்டு பறவைகளுக்குப் பயந்தும், அவருக்கு ஒரு பறவையின் குரலும் இன்னொன்றின் குரலும் வேறுபடுத்தித் தெரியாது. வாழ்நாளெல்லாம் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். எது கூவினாலும், அது ஓய்வதற்குள் விழுங்கினால் தப்பலாம் என்று சாப்பிட்டுவிடுவார். எடைக்கு அதுவும் ஒரு காரணம் என்று அவர் மனைவி ஹெல்வே சொல்வாள்.

2008-இல் குளிர்காலம் வரவே இல்லை. ஜனவரி முழுவதும் நிலத்தில் பனி கிடந்தது மொத்தம் ஒன்பது நாள். ஏரி உறையவில்லை, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் துளையிடும் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நின்று தண்ணீரைத் திட்டினார்கள். ஜனவரி 29 அன்று ஹேசல் கொட்டைப் புதர்கள் மஞ்சள் மகரந்தத்தை உதிர்த்தன. பிப்ரவரி 3 அன்று நீராவிக் குளியலுக்கான சானா வீட்டுச் சுவரில் கொசுக்கள் ஆடின. 6 அன்று என் தோட்டத்தில் முதல் வெள்ளைப் பூ தலைகாட்டியது. 8 அன்று பகல் இரண்டு மணிக்கு வெப்பம் 6.4 டிகிரி. இதையெல்லாம் நான் வழக்கம்போல் ஒரு தாளில் எழுதிச் சனிக்கிழமைகளில் கடைக் கதவில் ஒட்டினேன். மற்றவர்கள் படித்துவிட்டு, "வெறகு மிச்சம்" என்று சந்தோஷப்பட்டார்கள். எண்டெல் மட்டும் தாளின் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"எவால்ட், இது என்னப்பா இது? வெள்ளைப் பூவா? மார்ச்சுல இல்ல வரும்?"

"வந்துடுச்சு."

"பறவை?"

"இன்னும் இல்லை."

"நல்லாப் பாத்தியா?"

"காலையில ஏழு மணியிலேர்ந்து பாக்கறேன், எண்டெல்."

அவருடைய சான்றிதழ் பிப்ரவரி 20, புதன்கிழமையோடு முடிகிறது. மாவட்டத் தலைநகரின் சுகாதார நிலையத்தில் திங்களும் வியாழனும் மட்டும், எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை, ரத்தம் எடுப்பார்கள். சான்றிதழ் போனால் ஓட்டும் உரிமம் நிற்கும். உரிமம் நின்றால் 21 காலையிலிருந்து பேருந்து ரௌனோவின் கைக்குப் போகும். ரௌனோ இருபத்தாறு வயது ஒப்பந்தக்காரப் பையன். பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு, ஓடிவருகிற பிள்ளையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை எடுக்கிறவன். அறுபத்து மூன்று வயதில் ஒருமுறை இறங்கிவிட்டால் திரும்ப ஏற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பது எண்டெலுக்குத் தெரியும்.

பிப்ரவரி 11, திங்கள். அன்று காலைக்கு மட்டும் பள்ளிப் பேருந்தை ரௌனோவிடம் விட்டுவிட்டு, எண்டெல் ஊர்ப் பேருந்தில் தனியாகப் போனார். வீட்டில் இருந்த ஒரே காரை ஹெல்வே விடியும் முன்பே ரொட்டித் தொழிற்சாலைக்கு எடுத்துப் போய்விடுவாள். காலை 8.24-க்கு என் கைப்பேசி அடித்தது.

"எவால்ட்! கேளு!"

பிறகு பேச்சு இல்லை. கைப்பேசியை எதையோ நோக்கி உயர்த்திப் பிடித்திருக்கிறார் என்று புரிந்தது. தூரத்தில் ஒரு பறவை, துருப்பிடித்த கைப்பம்பை இரண்டு இரண்டு தடவையாக அடிப்பதுபோல், விடாமல் கூவிக்கொண்டிருந்தது.

"கேட்டியா? என்னது அது?"

"பட்டாணிக் குருவி."

"அது எங்கேர்ந்து வந்துது?"

"எங்கேர்ந்தும் வரலை. குளிர்காலம் பூரா இங்கதான் இருக்கு. நீ ஜன்னல்ல கொழுப்புக் கட்டித் தொங்கவிடறியே, அதைத் திங்கறது அதுதான்."

"அப்போ அது கணக்குல வராதா?"

"வராது. ஏன், சாப்பிட்டுட்டியா?"

"முழுங்கியாச்சு" என்றார் எண்டெல்.

உள்ளே நடந்ததை அவரே பிறகு சொன்னார். தாதி உர்வே ஊசியை எடுத்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். எண்டெலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"காலையில ஒண்ணும் சாப்பிடலையே?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"கறுப்பு ரொட்டி. மேல ரெண்டு உப்பு மீன்."

"வெறும் வயித்துல வரணும்னு தாள்ல போட்டிருக்கே, ஏன் சாப்பிட்டீங்க?"

"பறவை."

உர்வேயும் எங்கள் பக்கத்துப் பெண்தான். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எந்தப் பறவை?" என்று கேட்டிருக்கிறாள்.

"பட்டாணிக் குருவி."

"அய்யோ, அதுக்குப் போயா! அது கணக்குலயே இல்லையே!"

"இப்பத்தான் விசாரிச்சேன்."

"வியாழக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமைக்கு எண்டெல் ஒரு வழி கண்டுபிடித்தார். மரம் அறுக்கும்போது மாட்டிக்கொள்ளும் பெரிய மஞ்சள் நிறக் காதடைப்பான். காதில் விழாத பறவையால் ஏமாற்ற முடியாது என்பது அவர் வாதம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 14 காலை அதை மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறி, மாட்டியபடியே நகரத்தில் நடந்து, மாட்டியபடியே காத்திருப்பு அறையில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் உண்ணிக் கடியைப் பற்றிய விளம்பரம் இருந்தது. அதை ஒரு மணி நேரம் படித்தார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி வெளியே வந்தார்கள். கடைசியில் உர்வே விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவதைப் பார்த்துத்தான் எழுந்தார்.

"என்னம்மா, பூட்டறே?"

"ஒன்பதரை ஆயிடுச்சு. உங்களை மூணு தடவை கூப்பிட்டேன்."

"என்னது?"

உர்வே அவருடைய காதடைப்பானை ஒரு பக்கம் தூக்கி, "மூணு தடவை கூப்பிட்டேன்!" என்றாள்.

"எனக்குக் கேக்கலையே."

"கேக்கக் கூடாதுன்னுதானே மாட்டிட்டு வந்திருக்கீங்க?"

மிச்சம் இருந்தது 18, திங்கள் மட்டும்.

ஞாயிறு மாலை எண்டெல் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. தெற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். அந்தத் திறந்த ஜன்னலை அவர் வெறுப்போடு பார்த்தார்.

"நாளைக்கு நீ என்கூட வரணும்."

"எதுக்கு?"

"என் பேரைக் கூப்பிட்டா தோள்ல தட்டறதுக்கு. அப்புறம், உனக்குக் காது இருக்கு. ஏதாவது வந்தா தெரிஞ்சுக்கலாம்."

"வந்தா நான் என்ன செய்யணும்? உங்கிட்ட சொல்லணுமா?"

"ஆமா, சொல்லணும்."

"சொன்னா நீ என்ன செய்வே?"

"சாப்பிட்டுடுவேன்."

"சாப்பிட்டா ரத்தம் எடுக்க மாட்டாங்க."

"அப்போ சொல்லாதே" என்றார் எண்டெல். "ஆனா நான் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

அவர் போன பத்தாவது நிமிடத்தில் ஹெல்வே வந்தாள். மேலங்கிகூடப் போடாமல், மாவு ஒட்டிய கையோடு வந்தாள்.

"எவால்ட், நாளைக்கு என்ன பாடினாலும் நீ ஒண்ணும் கேக்காத மாதிரி இருக்கணும்."

"ஹெல்வே, நான் பொய் சொல்றதில்லை."

"உன்னைப் பொய் சொல்லச் சொன்னேனா? மூஞ்சிய வச்சுக்கோன்னுதான் சொல்றேன். இந்த மனுஷன் வீட்டுல உக்காந்தா நான் என்ன ஆவேன்னு யோசிச்சுப் பாத்தியா? ஞாயித்துக்கிழமை ஒரு நாளே தாங்க முடியலை. சமையக்கட்டுல நான் திரும்பறப்பல்லாம், வலது பக்கம் பாத்துத் திரும்புன்னு சொல்றாரு."

18 காலை ஏழு மணிக்கு வழக்கமான அளவுகளை எடுத்தேன். வெப்பம் 3.1. காற்று தென்மேற்கு. மழைமானியில் ஒன்றும் இல்லை. 7.40-க்கு எண்டெல் வாசலில் நின்றார், மஞ்சள் காதடைப்பானோடு. அதன் மேல் கம்பளித் தொப்பி. அதன் மேல் ஹெல்வேயின் சால்வை, தாடைக்குக் கீழ் முடிச்சு. பல்வலிக்காரன்போல் இருந்தார். பேருந்து நிறுத்தம் இருநூற்றைம்பது மீட்டர் தூரம். நிறுத்தத்துக்குப் பின்னால் முப்பது ஹெக்டேர் திறந்த வயல். பேருந்து வர வேண்டியது 7.58.

நாங்கள் நிறுத்தத்தில் நின்றோம். சூரியன் அப்போதுதான் காட்டுக்கு மேலே வந்திருந்தது. வயலிலிருந்து ஆவி எழுந்தது. மண் வாசனை, ஏப்ரல் வாசனை. எண்டெல் வயலுக்கு முதுகைக் காட்டி, எனக்கு நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில் நின்று, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வானம்பாடி பாடியது.

அது சந்தேகப்படும்படி இல்லை. எண்டெலின் தலைக்குப் பின்னால், நாற்பது மீட்டர் உயரத்தில், நின்ற இடத்திலேயே சிறகடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் கொட்டியது. என் குறிப்புகளில் அதுவரை வானம்பாடியின் மிக முந்தின தேதி மார்ச் 2. இது அதற்கும் பதின்மூன்று நாள் முந்தி. நேரத்தைப் பார்த்து எழுதியாக வேண்டும். குறிப்பேடு மேலங்கியின் இடது பையில் இருந்தது. என் கை பாதி தூரம் போய்விட்டது. எண்டெலின் கண்களும் கூடவே போயின. கையைக் கொண்டுபோய் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"என்ன மூஞ்சி அது?" என்று கத்தினார். தன் குரலே அவருக்குக் கேட்காததால் கத்தித்தான் பேசினார்.

நான் கடிகாரத்தைத் தூக்கி அவருக்குக் காட்டி, சாலையைச் சுட்டி, கையை விரித்தேன். பஸ் இன்னும் வரவில்லை என்று பொருள். அது பொய் அல்ல. பஸ் வரவில்லைதான். அப்படியே நேரத்தையும் பார்த்துக்கொண்டேன்: 7.52.

அதன் பிறகு ஆறு நிமிடம். வானம்பாடி நிறுத்தவே இல்லை. முகம் மாறாமல் இருக்க நான் ஊராட்சியின் வடிகால் குழாய்களைப் பற்றி நினைத்தேன். அவற்றின் விட்டங்களை வரிசையாக நினைத்தேன். எண்டெலின் வலது கை மேலங்கிப் பைக்குள் இருந்தது. அங்கே காகிதம் சரசரத்தது. ரொட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. ஒருமுறை பாதி வெளியே எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். மீண்டும் உள்ளே வைத்தார். அந்த அளவு குளிரில்லாத காலையில் அவருடைய மேலுதட்டில் வியர்வை இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு கிலோவும் என் முகத்தின் மேல் சாய்ந்து நிற்பதுபோல் எனக்குத் தோன்றியது.

பேருந்து 7.58-க்கு வந்தது. ஏறினோம். வழி முழுவதும் எண்டெல் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

8.41-க்கு உர்வே கூப்பிட்டாள். தோளில் தட்டினேன். அவர் எழுந்து உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

நான் வாசலில் நின்று அவருக்குச் சாப்பிடுகிற மாதிரி சைகை காட்டினேன்.

"இல்லை!" என்று எண்டெல் கத்தியது கட்டடம் முழுவதும் கேட்டிருக்கும்.

8.44-க்கு ரத்தம் குழாயில் இருந்தது. அவர் சட்டைக் கையை இறக்கவில்லை. மேசைமேலேயே பொட்டலத்தைப் பிரித்து, மூன்று துண்டு ரொட்டியையும் நின்றபடி தின்றார். கடைசித் துண்டுக்குப் பிறகு சால்வையை அவிழ்த்தார், தொப்பியை எடுத்தார், காதடைப்பானைக் கழற்றினார். காதுகள் இரண்டும் பீட்ரூட்போல் சிவந்திருந்தன.

"இப்போ சொல்லு. வந்துதா?"

"வந்துது."

"எது?"

"வானம்பாடி. ஏழு ஐம்பத்திரண்டு. உன் தலைக்குப் பின்னாடி."

எண்டெல் நாற்காலியில் உட்கார்ந்தார். உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

"எனக்குக் கேக்கலை."

"கேக்கலை."

"அப்போ அது என்னை ஏமாத்தலை." மெதுவாகச் சிரிப்பு வந்தது. "உர்வே, பாத்தியா? பிப்ரவரியில வந்தும் அதால முடியலை! எவால்ட், நீ கல்லுமாதிரி நின்னேப்பா. ஒண்ணுமே தெரியலை உன் மூஞ்சியில." பிறகு சிரிப்பு நின்றது. "நீ என்ன சாப்பிட்டுட்டு வந்தே?"

நான் காலை அளவுகளை எல்லாம் எழுதி முடித்து எட்டு மணிக்குத்தான் கஞ்சி குடிப்பேன். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் ஆறரைக்கே குடிப்பது வழக்கம். அது ஒரு வசதிக்காக. இது பிப்ரவரி. அன்று எட்டு மணிக்கு நான் பேருந்தில் இருந்தேன்.

"ஒண்ணும் சாப்பிடலை" என்றேன்.

உர்வே பஞ்சைக் கீழே வைத்தாள்.

"எனக்காக வந்து நின்னியே" என்றார் எண்டெல். "என் வானம்பாடியை நீ வாங்கிட்டியே."

"நான் அதையெல்லாம் நம்பறதில்லை, எண்டெல்."

"நீ நம்பலைன்னு அதுக்குத் தெரியுமா?"

உர்வேதான் நிலைமையைச் சமாளித்தாள். "சரி, நீங்களும் வெறும் வயித்துலதானே வந்திருக்கீங்க? உக்காருங்க. உங்களுக்கும் எடுத்துடலாம். நாலு வருஷமா உங்க பேர்ல ஒரு தாளும் இல்லை." மறுப்பதற்குக் காரணம் எதுவும் தோன்றாததால் உட்கார்ந்தேன்.

புதன்கிழமை முடிவுகள் வந்தன. எண்டெலின் சர்க்கரை 5.2, சரியான அளவு. ரத்த அழுத்தம் சரி. எடையைப் பற்றி மருத்துவர் ஒரு வாக்கியம் சொன்னார். எண்டெல் அதற்குத் தலையை ஆட்டினார். சான்றிதழ் 2010 பிப்ரவரி வரை செல்லும். பிற்பகல் 3.10-க்கு அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்து வந்தார். அதைக் கேள்விப்பட்ட ரௌனோ கடையில் ஒரு பீர் வாங்கிக் குடித்துவிட்டு, பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனான்.

என் சர்க்கரை 7.3; எங்கள் அளவையில் ஏழைத் தாண்டினால் நீரிழிவு. மறுபடி எடுத்தபோது 7.1. உர்வே ஒரு பட்டியல் கொடுத்தாள்: ஜாம் கூடாது, வெள்ளை ரொட்டி கூடாது, சானாவுக்குப் பிறகு பீர் ஒன்றுக்கு மேல் கூடாது. முன்பே பரிசோதித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும், இது இரண்டு மூன்று ஆண்டாகவே இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அதை நான் எண்டெலிடம் வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் என் தோளில் கையை வைத்து, "அவங்க அப்படித்தான் ஆறுதல் சொல்லுவாங்க" என்றார்.

23, சனிக்கிழமை, வாரத் தாளைக் கடைக் கதவில் ஒட்டினேன்: வானம்பாடி, 18 பிப்ரவரி, 7.52, பேருந்து நிறுத்த வயல். பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர். சாப்பிட்டாரா இல்லையா என்று ஓர் இடம் அந்தத் தாளில் கிடையாது. ஆனாலும் ஊருக்கே தெரிந்திருந்தது. அந்த வாரம் ஹெல்வே உட்பட நான்கு பேர் எனக்குச் சூப் கொண்டு வந்தார்கள். எல்லாவற்றிலும் உருளைக்கிழங்கு அதிகம். பட்டியல்படி அதுவும் கூடாது.

மார்ச் 21 அன்று பனி கொட்டியது, இருபது சென்டிமீட்டர். அந்த வானம்பாடி என்ன ஆனது என்று தெரியவில்லை. நான் என்ன ஆனேன் என்பதை எண்டெல் நாள்தோறும் கவனித்துக்கொள்கிறார். இது அக்டோபர். பள்ளி நாட்களில் பேருந்து என் வாசலுக்கு நேரே நிற்கிறது. அங்கே நிறுத்தம் கிடையாது. கதவு திறக்கிறது.

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"கால், கை?"

"எல்லாம் இருக்கு. போ, நேரமாகுது."

"டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் ஜாக்கிரதை. ஏணி ஏறாதே."

கதவு மூடுகிறது. பதினான்கு பிள்ளைகளும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு என்னை நம்பிக்கையில்லாமல் பார்க்கிறார்கள். பேருந்து பள்ளிக்கு ஒன்றரை நிமிடம் தாமதமாகப் போகிறது. பெற்றோர் ஒருவர் புகார் எழுதினார். ஊராட்சி விசாரித்தது. எண்டெல் காரணத்தைச் சொன்னார். வந்த அதிகாரியும் எங்கள் பக்கத்துக்காரர்தான். கால அட்டவணையில் ஒன்றரை நிமிடத்தைக் கூட்டிவிட்டுப் போனார்.